தலைக்குத் தண்ணீர் ஊற்றாத நாட்கள்

என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் என் கையால் சாப்பிடவில்லை. அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். ஒருநாள் மெஷின் சத்தத்துக்குள் இரண்டு பேர் பேசுவதாகச் சொன்னார். பட்டறையை மூடிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. சோற்றில் நான் விஷம் வைக்கிறேன் என்று அவர்கள்தான் இவருக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து கடை பன்னும், தானே உரித்த வாழைப்பழமும்தான். மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக்கூட அவருடைய அக்கா கையால்தான் வாங்கிக்கொள்வார்.

போன பங்குனியில் அவருக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன். ஆத்தா வந்திருக்கும் வீட்டில் மருந்து புழங்கக் கூடாது என்று அந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டோம். உடம்பு அனலாகக் கொதித்தது. மூன்றாம் நாள் காலையில் பாயில் படுத்தபடியே கூப்பிட்டார்.

"ஏ புள்ள, பசிக்குது. கஞ்சி இருக்கா?"

எடுத்துப் போனேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்ல. விஷத்தையாச்சும் போட்டிருந்தா ருசியா இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அந்த ரெண்டு பேரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சத்தத்தக் காணோம். கெளம்பிட்டானுக போல."

ஆத்தாதான் விரட்டினாள் என்று சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். கும்பிடும்போதே பயம் பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினால் ஆத்தா இறங்கிப் போய்விடுவாள். அவள் போனால் அவர்கள் திரும்பி வந்துவிட்டால்?

ஏழாம் நாள் நாத்தனார் வாசலோடு நின்று கேட்டார். "ஏத்தா, இன்னுமா தண்ணி ஊத்தல?"

"கொப்புளம் காயல மதினி."

பொய். காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. காய்ச்சல்தான் இறங்கவில்லை. இருமலும் சேர்ந்திருந்தது.

"எம்புட்டு நாளைக்கு ஆத்தாளப் பிடிச்சு வச்சிருப்ப? அவளுக்கு நாலு வீடு போக வேண்டாமா?"

மதினி விளையாட்டாகச் சொன்னார். நான் நிஜமாகவே பிடித்து வைத்திருந்தேன். எட்டாம் நாளும் ஊற்றவில்லை, ஒன்பதாம் நாளும் ஊற்றவில்லை. கல்யாணமான புதிதில் திருமங்கலம் பஸ்ஸில் நான் செருப்பைத் தொலைத்த கதையை இவர் இருமி இருமிச் சொன்னார். அவர் விலா எழும்பி எழும்பித் தணிவதைப் பார்த்துக்கொண்டே, 'ஆத்தா, இந்தக் காய்ச்சல் இருக்கட்டும்' என்று வேண்டினேன். கட்டின புருஷனுக்குக் காய்ச்சல் விடக் கூடாது என்று வேண்டிய பாவி நான்.

பத்தாம் நாள் அவரே சொன்னார். "மூச்சு முட்டுது புள்ள. தண்ணிய ஊத்திரு."

ஒரே ஒரு செம்பு ஊற்றித் துவட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள். எத்தனை நாளாக இப்படி இருக்கிறார் என்று கேட்டபோது, "நேத்துலருந்துதான்" என்றேன். அதுவும் பொய்.

ஊசி போட்டுக் காய்ச்சல் விட்ட இரண்டாம் நாள், நான் நீட்டிய டம்ளரை முகர்ந்து பார்த்தார்.

"இதுல என்ன கலந்த?"

மனநல டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மாத்திரையை நிறுத்தியதற்கு முதலில் திட்டினார். பிறகு பொறுமையாக விளக்கினார். மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் இருக்கிறதாம். எதைக் கவனிக்க வேண்டும் என்று அதுதான் தட்டிச் சொல்லுமாம். இவருக்கு அது மிஞ்சிப்போய், ஒன்றுமில்லாததற்கெல்லாம் தட்டுகிறது. காய்ச்சல் நேரத்தில் கிருமியோடு சண்டை போடும் எதிர்ப்புச் சக்தி அனுப்பும் சேதி மூளை வரைக்கும் போய், டோபமைனின் போக்கை மாற்றலாம். அதில் சிலருக்குத் தெளிவு வருவதுண்டு, சிலருக்கு மனநோய் கூடுவதும் உண்டு.

"ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியலம்மா. ஆனா காய்ச்சல் ஒரு மருந்தில்ல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டாரு."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆத்தா அந்த வழியாகத்தான் வந்தாள் என்று இப்போதும் நம்புகிறேன். வந்தவளிடம் நான் என்ன கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் பயம்.

கோயிலில் பெண்கள் சேர்ந்து, 'நோய் நொடி அண்டாமக் காப்பாத்து தாயே' என்று சொல்லும்போது நானும் வாயைத் திறக்கிறேன். நோய் என்ற சொல் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும் என்று கேட்டுவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.