பார்வதி அக்கா பிடுங்கிய மாத்திரை

ஈஜோக் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எனக்கும் பார்வதி அக்காவுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். சம்பல், சீலை, தலைவலி மாத்திரை எல்லாம் இங்கும் அங்கும் போய்வரும். நினைத்தால் இன்றும் மனசு இளகுகிறது.

கல்யாணமான புதிதில் எனக்குப் பிறப்புறுப்பில் தாங்கமுடியாத அரிப்பு; தயிர்க்கட்டி போல வெள்ளையும் பட்டது. வெட்கத்தை விட்டு அக்காவிடம் சொன்னேன்.

"இதுக்கா அழுவுற? எனக்கும் வந்துச்சு லா" என்று, கிளினிக்கில் தனக்குத் தந்ததில் மீந்த மாத்திரையை நீட்டினார்.

வாயில் போடப் போனபோது உள்ளுக்குள் உறுத்தியது. கண்ணு படும், மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடாதே என்று மாமியார் சொல்லியிருந்தார். இருந்தும் வாய்விட்டுச் சொன்னேன்.

"அக்கா, நாள் தள்ளிப்போயிருக்கு."

மாத்திரையை வெடுக்கென்று பிடுங்கினார். "அடியே, இத மொதல்ல சொல்ல மாட்டியா? கெளம்பு கிளினிக்குக்கு!"

டாக்டர் சோதித்து, பூஞ்சைத் தொற்றுதான் என்றார். கர்ப்பத்தில் அந்த மாத்திரையை விழுங்கக்கூடாதாம். ஏழு நாள் பிறப்புறுப்புக்குள் வைக்கிற மருந்து தந்தார். அரிப்பு அடங்கியது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

இப்போது ரவாங் டவுனில் இருக்கிறேன். அடுத்தவர் மருந்தைத் தொடுவதில்லை, என் மருந்தை யாருக்கும் தருவதுமில்லை. மகளிடமும் சொல்லிவிட்டேன்: "நாள் தள்ளிப்போனா, ஊருக்கு எப்ப வேணும்னாலும் சொல்லிக்கலாம். டாக்டருகிட்ட அன்னைக்கே சொல்லிடணும்."