காசிம் பாயின் படத்தில் இருந்த தப்பு

விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது காசிம் பாயின் மகன் போன் செய்தான். “அண்ணே, அத்தா மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க.” எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வந்து நின்ற டவுன் பஸ்ஸின் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கண்டக்டர் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சிம்மக்கல்லில் மொத்தப் பழக்கடை வைத்திருந்தவர், இந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ஊமைப்படம் தயாரித்த முதல் ஆள். வசனம் கிடையாது, திரையில் எழுத்துகூடப் போடமாட்டார். “பாய்க்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு” என்று கடைத்தெருவே சிரித்தது. அவரோ, “பேச்சை வச்சா ஆளாளுக்கு வக்கீல் ஆயிருவாய்ங்க. நாம வாயை மூடுனாத்தான் பாக்குறவன் வாயைத் தொறப்பான்” என்பார்.

என் அண்ணன் செல்வத்தின் கதையைத்தான் கடைசியாகப் படமாக்கினார். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். காலங்காலமாகக் கூலிக்குப் போன குடும்பம். அண்ணன் தலையெடுத்துத்தான் சொந்த நிலம் வாங்கினான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் எவனோ பின்னாலிருந்து மண்டையைப் பிளந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவில், என் மடியில் செத்தான். “மம்பட்டிக் காம்புடா... மூஞ்சியப் பாக்கல” என்றான், அவ்வளவுதான். மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள் என்று சாட்சி இல்லாமல் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்போது பாயின் கடையில்தான் எனக்கு வேலை; அவரிடம் மட்டும் சொன்னேன். ஊரோ, பைக்கிலிருந்து விழுந்தான் என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டது.

படப்பிடிப்பில் பார்த்தால், அடிக்கிறவன் முகமே இல்லை, கை மட்டும். அந்தக் கையில் மூங்கில் கம்பு! நாற்காலியைத் தூக்கி எறிந்தேன். “எங்கண்ணன் சாவு ஒங்களுக்கு வெளையாட்டாப் போச்சா பாய்?” அவர் அசரவில்லை. “உக்காரு மாப்ள. தப்பா இருந்தாத்தான் தெரிஞ்சவன் திருத்த வருவான்.” எனக்கு அப்போது ஓர் இழவும் விளங்கவில்லை.

எங்கள் ஊர் மந்தைத் திடலிலேயே படத்தைக் காட்டினார். இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துக் கட்டியதுதான் திரை. ஓசிப் படம் என்று ஊரே திரண்டது. கம்பு விழுகிறது, அண்ணனாக நடித்தவன் சரிகிறான், சத்தமே இல்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவன் நக்கலாகச் சிரித்தான். வாய்க்காலில் எங்களுக்கு மேல்வயல்காரன் தங்கராசு. “அட கூறுகெட்டவய்ங்களா! கம்புல அடிச்சா அவன் சாவானா? மம்பட்டிக் காம்புடா!”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் விலகினார்கள். நான் பாய்ந்து அவன் முகத்தில் இடித்தேன், கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தேன். அவன் ஆட்கள் கல்லெறிந்தார்கள். திரை கிழிந்தது. ஒரு கல் பாயின் இடது கண்ணில் விழுந்தது. முகமெல்லாம் ரத்தமாக வந்து என் முடியைப் பிடித்து இழுத்தார். “விடுடா! இவன் செத்தா ஒங்கண்ணனைப் பத்தி எவன்டா சொல்லுவான்? இந்த வாய் நமக்கு வேணும்டா!” தங்கராசுவின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் முடிந்திருக்கும். விட்டேன்.

மந்தையே கேட்ட பேச்சை அதன்பின் யாராலும் விழுங்க முடியவில்லை. கேட்டவர்கள் கோர்ட்டில் சொன்னார்கள், தங்கராசு உள்ளே போனான். பாயின் கண்தான் திரும்பவில்லை. “இப்பவாச்சும் அந்தக் கம்பை மாத்தி எடுப்பமா பாய்?” என்று ஒருநாள் கேட்டேன். “அம்புட்டு நல்ல தப்பை எதுக்குடா மாத்தணும்?” என்று சிரித்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போது செல்போனில் ஊமைப்படம் எடுக்கிறார்கள்.

மையவாடியில் அடக்கக் குழிக்குள் ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தபோது கைகளைப் பார்த்தேன். ஒரு கழுத்தைப் பிடித்து, பாதியில் விட்ட கைகள். இவற்றில் கொலைப்பழி படியாமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அதற்குத் தன் கண்ணையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் நினைவாக என்னிடம் இருப்பவை இந்த இரண்டு கைகள்தான். அவற்றால் மண்ணை அள்ளி, அவர் மேல் போட்டேன்.