ஆறு நிமிடத்தில் நான்கு முறை நின்றவள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எண் தடையில்லாமல் வரும். அதனால் டாக்டர் கொடுத்த காகிதத்தில் இருந்த நான்கு என்ற எண்ணை நானே படித்துக்கொண்டேன். அதைச் சுற்றி இங்கிலீஷில் இருந்ததை என் மகன் படித்துச் சொன்னான். ஆறு நிமிட நடையில் நான்கு முறை நின்றார், தெம்பு குறைவு, தனியாக இருப்பது நல்லதல்ல என்று இருந்ததாம்.

அப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் எங்கள் மரவள்ளிக் கொல்லை. அதிலேயே இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் மூன்று ஆடுகளும் அங்கே இருந்தோம். மகன் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. ஆடி மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டு, மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு நாள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததை யாரோ பார்த்தார்கள். எழுந்து போய்த் தண்ணீர் பாய்ச்சியதை யாரும் பார்க்கவில்லை. மகன் ஓடிவந்தான்.

"டாக்டர் இன்னா சொல்றாரோ அதான். நடக்கத் தெம்பு இருக்குதுன்னா இங்கியே இரு. இல்லன்னா வூட்டப் பூட்டிட்டு என்னோட வந்துடு."

சரி என்றேன். நடைதானே என்று நினைத்தேன்.

கள்ளக்குறிச்சியில் அந்த டாக்டர் புதிதாக வந்தவர், சின்ன வயது. சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்த்து வாங்குவதைக் கண்டிருக்கிறேன். எனக்கும் அப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்ததில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி போக வேண்டும். நர்சுப் பெண் கையில் கடிகாரம்.

"முடிஞ்ச வேகத்துல நடங்கம்மா. மூச்சு வாங்கினா நின்னுக்கலாம். ஆனா கடியாரம் நிக்காது. நடக்கும்போது பேசாதீங்க."

நர்சிடம் பேசக் கூடாது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மகனை மருந்துச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். நடுவில் ஒரு பெஞ்சு. அதில் என் மகனின் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

இதைப் படிக்கிறவர்களில் பெண் கொடுத்து, பெண் எடுத்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒருத்தி போனாள் என்றால் அந்தப் பேச்சு மூன்று கல்யாணத்துக்கு ஓடும். முதல் முறை நின்று, "வாங்க சம்பந்தி, எப்ப வந்தீங்க?" என்றேன். திரும்பி வரும்போது, "ஒடம்புக்கு இன்னா?" என்றேன். "சக்கரை ஜாஸ்தின்னு சொல்றாங்க" என்றார். மூன்றாவது முறை பேரப்பிள்ளையின் படிப்பு. நான்காவது முறை அவர் நகர்ந்து இடம் கொடுத்து, "ஒக்காருங்க சம்பந்தி, இன்னாத்துக்கு இப்பிடி அலஞ்சிக்கினு இருக்கிறீங்க?" என்றார். இடம் கொடுத்த பிறகு உட்காராமல் இருப்பது எப்படி? உட்கார்ந்தேன். மற்ற நேரத்திலும் நான் வேகம் காட்டவில்லை. நாலு ஆம்பிளைகள் நிற்கும் இடத்தில், சம்பந்தி பார்த்திருக்க, ஓட்டமும் நடையுமாகப் போக நான் என்ன பஸ்ஸையா விட்டுவிட்டேன்?

நர்சு கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். ஏன் நின்றேன் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

காகிதத்தைப் படித்ததும் மகன் நேரே கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு ஒன்று வாங்கினான். பூட்டோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பஸ் இல்லை. அது இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்த காலம். வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள்.

"இன்னிக்கி என் வூட்ல தங்கு. நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றான் மகன்.

அங்கே ஒரு ராத்திரி தங்கினால் பிறகு என்னைப் பார்க்க என் கொல்லைதான் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். அது எனக்குத் தெரியும்.

"ஆடு கட்டிக் கெடக்குதுடா. நான் நடக்கறேன். நீ போ."

தாயைத் தனியாக நடக்க விட்டான் என்று ஊர் பேசுமே. கூடவே வந்தான். ஆபீசுக்குப் போடும் ஷூ அவன் காலில், பூட்டு அவன் பையில்.

முதல் புளியமரம் சாலையின் குறுக்கே கிடந்தது. அதன்மேல் இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர்.

"ஆயா, எங்க போற? பஸ்ஸு கெடையாது."

"நான் பஸ்ஸக் கேட்டனா?"

சிரித்தார்கள். ஒருவன் கை நீட்டினான். அந்தக் கையில் என் பையைக் கொடுத்துவிட்டு நானே ஏறி இறங்கினேன். பின்னால் மகன் கிளையில் சிக்கிக்கொண்டு நின்றான்.

"ஆயா பரவால்ல, அண்ணனத்தான் தூக்கி வுடணும் போலக்குது."

மூன்றாவது மரத்தருகே ஷூ கடித்து அவன் உட்கார்ந்தான். நானும் நின்றேன். அங்கேதான் கேட்டான்.

"நாலு வாட்டி நின்னியாமே?"

"ஒங்க மாமியா ஒக்காந்துக்கினு இருந்தாங்க. பாக்காத மாதிரி போவச் சொல்றியா?"

அவன் ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். "அத டாக்டராண்ட சொல்லக் கூடாதா?"

"அவரு கேக்கலியே."

"காயிதத்துல ஏறிடுச்சேம்மா, இனிமே இன்னா பண்றது" என்றான், ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டே. தன் தாய் எதிரில் நிற்கிறாள், நடந்து வந்திருக்கிறாள், தான்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது காகிதத்தில் இல்லை. குமாஸ்தா வேலை மனிதனை அப்படி ஆக்கிவிடுகிறது.

பொழுது சாய்வதற்குள் கொல்லைக்கு வந்துவிட்டோம். அவனுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். காலை அதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு வந்து, அந்தக் காகிதத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன்.

"பின்னாடி காலியா இருக்குது. எழுது."

"இன்னா எழுதறது?"

"நடந்தத எழுது. எங்கருந்து எங்க வந்தேன், எந்நேரம் கெளம்பினேன், எந்நேரம் சேந்தேன். எத்தினி வாட்டி நின்னேன், யாருக்காவ நின்னேன்."

முறைத்தான். பிறகு எழுதினான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வழியில் ஏழு முறை நின்றார்' என்று மட்டும் இருந்தது.

"யாருக்காவன்னு இல்லியே."

'மகனுக்காக' என்று சேர்த்தான். கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டான். ஆபீசுக் கையெழுத்து, நன்றாகவே இருந்தது.

மறியல் ஓயும் வரை அவன் என் வீட்டில்தான் இருந்தான். மோட்டார் கொட்டகைக்கு நடந்து போகக்கூட என் செருப்பைக் கேட்டான். பஸ் ஓடிய அன்று பூட்டை எடுத்து நெற்குதிர் மேல் வைத்தான். இரண்டு சாவியையும் பக்கத்தில் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

நல்ல பூட்டு. வீணாக்க மனம் வரவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போட்டேன்.