நூற்றுப் பதின்மூன்று

பெரிய கிராணியாரின் மேசை இழுப்பறையைப் போலீஸ்காரர் ஒருவர் தரையில் கவிழ்த்தபோது, எண்கள் நெருக்கி எழுதப்பட்ட தாள்கள் ஆபீஸ் அறை முழுவதும் பரவின. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை வெள்ளைக்கார அரசு வேட்டையாடிய அவசரகாலம். கோலா பிலாவுக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். நான் அங்கே சின்னக் கிராணி, அவருக்குக் கீழே கணக்கெழுதும் குமாஸ்தா. அந்தத் தாள்கள் என்னவென்று அவரைத் தவிர அறிந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தனிக்கட்டை. ஒன்றிலிருந்து எண்களை வரிசையாக, இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவார்: 12, 123, 1234. இப்படி நீளும் எண்களில் ஒன்றாவது வேறெதாலும் வகுபடாத பகா எண்ணாக இருக்காதா என்பதுதான் அவருடைய தேடல். ஏழு வரை ஒட்டிய எண் 127-ஆல் வகுபட்டுப் போன அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பிறகு பதின்மூன்று வரை ஒட்டினார்: 12345678910111213. சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்து 109 வரை வந்திருந்தார். "இது உடையாது தம்பி, இருந்து பாரும்" என்று போலீஸ் வருவதற்கு முதல் நாள்தான் சொன்னார்.

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு எழுதிய ரகசியச் சேதி என்றார் வெள்ளைக்கார அதிகாரி. கிராணியார் சொன்ன விளக்கத்தைக் கேட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கிராணியாரும் என்னைப் பார்த்தார். எனக்குக் கைக்குழந்தை இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது துவான்" என்றேன். லாரியில் ஏறும்வரை அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து மாதம் கழித்துத் தடுப்பு முகாமில் பார்க்க அனுமதி கிடைத்தது. வெறுங்கையோடு போக மனமில்லாமல், போவதற்கு முந்தின நாள், அவர் விட்ட இடத்திலிருந்து அந்த எண்ணை நானே வகுத்துப் பார்த்தேன். 113. மீதி இல்லை; எண் உடைந்துவிட்டது.

கம்பிவலைக்கு அப்பால் மெலிந்து நின்றார். உள்ளே தாளும் பென்சிலும் தருவதில்லையாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "நூற்றிப் பதின்மூண்டு பாத்தனீரோ?" என்றார்.

"பாத்துட்டேன் ஐயா. மீதி வருது."

அவர் முகம் மலர்ந்தது. அதைக் கெடுக்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த ஆண்டு அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வெகுகாலம் கழித்து அவருடைய தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணர் காலமாகிவிட்டார், கண் மங்கிய பிறகும் கணக்குப் போடுவதை விடவில்லை, கணக்கெழுதிய பதினெட்டு நோட்டுக் கொப்பிகள் இருக்கின்றன. முதல் கொப்பியின் முதல் வரியில், "113: தம்பி பார்த்துவிட்டார்" என்று எழுதி, அடுத்த பகா எண்ணான 127-இலிருந்து தொடங்கியிருக்கிறாராம்.

கொப்பிகளை எனக்கு அனுப்பட்டுமா என்று தங்கை கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை.