நான்கு கம்பியில் நைன்த்

எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர் ஓயாமல் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். விரலை வைத்தால் கூசும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டி எங்கள் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்பு மில், அதன் உலைக்குக் காற்று ஊதும் பெரிய ப்ளோயர் இரவும் பகலும் ஒரே சுருதியில் ஓடும். தெருவில் அதற்கு "ஙொய்" என்று பெயர். ஓடும்வரை யார் காதிலும் விழாது; நின்றால்தான் கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும்.

நான் ஏழாவது படிக்கும்போது, அத்தை மகன் பாதியில் அலுத்துப் போட்ட யுகுலேலே என்ற குட்டி கிதார் என் கைக்கு வந்தது. போனைப் பார்த்தே பழகினேன். அந்த கிறிஸ்துமஸுக்கு ஆரணியில், அம்மா பிறந்த ஊர் சர்ச்சில், தனியாக ஒரு பாட்டு வாசித்துப் பாட எனக்கு இடம் கிடைத்தது. அம்மா சிறுமியாக இருந்தபோது "பொம்பளப் புள்ளைக்கு இன்னா இப்டி கட்டக் கொரலு" என்று அந்த சர்ச்சின் பாடகர் குழுவிலிருந்துதான் அவளை விலக்கி உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே போனால் அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள். நானாவது அந்த ஊர் வாயை அடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வீம்பு.

பாட்டில் அடிக்கடி சி நைன்த் என்ற கார்டு, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு, வரும். அந்தக் கார்டுக்கு ஐந்து சுரம், யுகுலேலேவுக்கோ நான்கே கம்பி. அதனால் அடிச்சுரமான சி-யையே விட்டுவிட்டு மற்ற நான்கைத்தான் பிடிப்பார்கள். சி கம்பியில் இரண்டாம் கட்டம், ஏ கம்பியில் முதல் கட்டம், மற்ற இரண்டும் சும்மா. விரல் பழக நாளானது, பழகிய பிறகு வீட்டில் அது தேனாக இருந்தது.

ஆரணியில் அதே இடம் வந்ததும் கார்டு கால் உடைந்த ஸ்டூல் மாதிரி ஆடியது. விரல் சரியாகத்தான் இருந்தது. நிறுத்தி முதலிலிருந்து வாசித்தேன், மறுபடியும் அதே ஆட்டம். பின்னால் யாரோ சிரித்தார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து "ம்" என்று ஒரு கனத்த குரல் எழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கார்டு தரையில் கால் ஊன்றி நின்றது. அதன் பிறகு நைன்த் வந்த இடத்திலெல்லாம் அம்மாவும் வந்தாள், பாட்டு முடிந்தது.

அம்மாவை அன்று உட்கார வைத்த குழுத்தலைவி வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கொரல எங்கம்மா வெச்சிருந்த?" என்று கேட்டார். அம்மா கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ்ஸில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அங்க இன்னா மில்லா கீது? ஊட்ல நீ உட்ட சொரத்த அது ஊதிக்கினே இருக்கும், நீ வாசிச்சிக்கினே இருப்ப. அங்க அது இல்லியேன்னு நான் ஊதுனேன்டி."

மில்லை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே கன்டெய்னர் அடுக்குகிறார்கள். டம்ளர் அசையாமல் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அந்த மில் புகையில் காயப்போட்ட துணி எதுவும் வெள்ளையாக இருந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சும்மா நைன்த் பிடித்துப் பார்த்தேன், வெறுமையாகத்தான் கேட்டது. அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த அம்மா, யாரும் கேட்காமலே அடிச்சுரத்தைப் பிடித்தாள். நான் கம்பிகளைக் கையால் பொத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை.