தோசைக்கல் மூடி

எங்கள் சமையலறையில் ஓர் அலுமினிய மூடி இருக்கிறது. அதன் குமிழ் கழன்றுபோன இடத்தில், நூற்பாலையில் நூல் சுற்றும் பழைய மர பாபினிலிருந்து அறுத்த துண்டு ஒன்றைத் திருகாணி போட்டு என் தம்பி முடுக்கியிருந்தான். மீந்த பீட்சாவைச் சூடாக்குவதற்கென்றே அவன் ஒதுக்கிவைத்த மூடி அது. இன்றுவரை வேறெதற்கும் நான் அதைப் பயன்படுத்தவிட்டதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் ஒரு நூற்பாலையில் மேலாளராக இருந்தேன். கல்லூரிப் படிப்பும் பதவியும் தந்த மதிப்பைச் சிந்தாமல் சுமந்து திரிந்த காலம். தம்பியோ, பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, காந்திபுரத்தில் ஒரு சந்தினுள் பேக்கரி திறந்தான். ரொட்டியும் பன்னும் போதாவென்று, பெங்களூரில் கற்றுவந்த பீட்சாவையும் சுட்டான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கடைக்கு எங்கள் தந்தையின் பெயரை வைத்ததைத்தான் என்னால் தாங்க இயலவில்லை. நிலபுலத்தோடு தலைநிமிர்ந்து வாழ்ந்தவர் பெயர், ஊதா மையில் ரப்பர் முத்திரையாக அட்டைப் பெட்டிகளின் மேல் ஏறியது. ஒருநாளும் நான் அக்கடைப் படியை மிதித்ததில்லை. "ஒரே ஒருக்கா வந்து கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்துட்டுப் போங்ணா, அது போதும்" என்று அவன் பலமுறை அழைத்திருக்கிறான். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவே: இவன் என் தம்பி, இது அவன் கடை என்று நாலு பேர் அறிய நான் சொல்ல வேண்டும்.

விற்காமல் மீந்ததை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருவான். என் மனைவி முதலில் அதை இட்லிப் பானையில் வைத்து அவித்தாள். ஊறிப்போன துணிபோல் வந்தது. பிறகு நேரே தணலில் வாட்டினாள்; விளிம்பு கருகியும் நடுப்பகுதி குளிர்ந்தே கிடந்தது. தம்பி சிரித்துக்கொண்டே கரண்டியை வாங்கிக்கொண்டான். கனத்த இரும்புக் கல்லை அடுப்பிலேற்றி, தீயைக் குறைத்து, எண்ணெய் தொடாமல் துண்டுகளை அடுக்கினான். அடிப்பாகம் மொறுமொறுப்பேறும் வரை காத்து நின்றான். பின்பு கல்லின் வெறும் ஓரத்தில் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, சுரீரென்ற ஒலி அடங்குமுன் மூடியைக் கவிழ்த்தான். "மூணே சொட்டுதானுங்க அண்ணி, நாலாவது உட்டா நனைஞ்சுபோகும். தண்ணி ரொட்டியைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் சீஸைத் தொடணும்." அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியதைவிட அது சுவையாக இருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவ்வாண்டு, பெருந்துறையிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆறு பேர் என்று சொல்லியிருந்தார்கள். பதினான்கு பேர் வந்திறங்கினார்கள். கேசரியும் பஜ்ஜியும் பாதிப் பேருக்குக்கூட எட்டவில்லை. முந்தைய நாள் மாலை தம்பி கொண்டுவந்த இரண்டு பெட்டிகள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. மீந்ததை விருந்தினர்முன் வைப்பது எங்கள் வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். நான் தயங்கினேன். "அஞ்சு நிமிசம் குடுங்ணா. நேத்ததுன்னு ஒருத்தருஞ் சொல்ல மாட்டாங்க" என்று அவன் உள்ளே போய்விட்டான்.

தட்டுகள் வந்தன. "பல்லு போனவனுங் கேட்டு வாங்கித் திம்பானாட்ட இருக்குது" என்று மாப்பிள்ளையின் தந்தை இன்னொரு துண்டு எடுத்தார். பெண் வீட்டு அடுக்களைவரை சென்று பார்ப்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பிய மாப்பிள்ளையின் தாய் கேட்டார்: "ஏனுங்க, இது எந்தக் கடைங்க? ஆரு செஞ்சதுங்க?"

அடுக்களை வாசலில் தம்பி நின்றிருந்தான். கையில் தோசைக் கரண்டி, சட்டையில் மாவுத் தடம். அவன் என் முகத்தையே பார்த்தான். பதில் சொல்லும் உரிமையை எனக்கு விட்டுத்தான் நின்றான்.

"பெங்களூர்ல இருந்து நண்பர் ஒருத்தர் குடுத்தனுப்பினாருங்க. நேத்து ரயில்ல வந்தது" என்றேன்.

நேற்றையது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு அந்த நொடியில் கூச்சமே இருக்கவில்லை. தம்பி சுட்டது என்பதைத்தான் சொல்ல வாய் வரவில்லை. அவன் ஒரு கணங்கூடத் தாமதிக்கவில்லை. "ஆமாங்க. ஆறிப்போயிருந்துச்சு, அதான் சூடு பண்ணிப்போட்டேன்" என்று முறுவலித்து உள்ளே சென்றான்.

திருமணம் கூடிவந்தது. பந்தியில் இலை இலையாகக் குனிந்து பரிமாறியவன் அவன்தான். ஆனால் அந்நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அட்டைப் பெட்டி வரவில்லை. கடைக்கு வரச் சொல்லி அவன் என்னை அழைக்கவும் இல்லை. பின்னர் கடையைக் கைமாற்றிவிட்டு மைசூருக்குக் குடிபோனான். பொங்கலன்று தொலைபேசியில் பேசுகிறோம். மழையைப் பற்றிக் கேட்கிறான், சொல்கிறேன்.

சென்ற மாதம் சம்பந்தியம்மாள் வந்திருந்தார். பேரப்பிள்ளைகள் வரவழைத்த பீட்சாவில் பாதி மீந்து கிடந்தது. மைக்ரோவேவில் வைத்தால் தோலாகிவிடும் என்று சொல்லி, நானே கல்லைக் காயவைத்து மூடியை எடுத்தேன். அவர் அருகில் வந்து நின்று பார்த்தார். "அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்பத் தின்ன வாசமே அடிக்குதுங்க" என்றார். இத்தனை ஆண்டுகள் கழித்து வாய் வந்தது. "அது பெங்களூர்ல இருந்து வந்ததில்லைங்க. என் தம்பி செஞ்சது. பேக்கரி வெச்சிருந்தான்."

அவர் வியக்கவில்லை. "தெரியுமுங்க. அடுப்பு மேடையில ரெண்டு பெட்டி இருந்துச்சே. உங்கய்யன் பேரு போட்டிருந்துச்சு. வெளிய வந்து கேட்டா நீங்க வாய் நெறையச் சொல்லுவீங்கன்னுதான் கேட்டனுங்க. நீங்க வேற சொன்னதும், ஏதோ அண்ணந்தம்பிக்குள்ள மனத்தாங்கலாட்ட இருக்குதுன்னு பேசாம உட்டுட்டோம்."

அவர் கூடத்துக்குப் போன பிறகும் மரக்குமிழைப் பற்றியபடியே நின்றிருந்தேன். மூடியைத் தூக்கியபோது, மேலே சீஸ் அழகாக இளகியிருந்தது. அடி முழுவதும் கரிந்திருந்தது. பெட்டியில் எஞ்சியிருந்த நல்ல துண்டுகளை மற்றவர்களுக்காகக் கல்லில் புதிதாக அடுக்கி வைத்துவிட்டு, அந்தக் கரிந்த துண்டுகளை நான் எடுத்துக்கொண்டேன்.