ஏலத்தில் போன கூரையில்லாத கார்

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலு. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு அப்பா காவல். தோப்பு பெங்களூர் முதலாளியுடையது. நாங்கள் இருந்த ஓட்டு வீடும் அவருடையதுதான்.

பக்கத்துக் கொட்டகையில் ஒரு பழைய இங்கிலாந்து கார் நின்றது. சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் துணியை இழுத்து மூட வேண்டும். எஞ்சின் செத்துப் பல வருஷம். கைப்பிரேக்கும் பிடிக்காது. இடம் சரிவு என்பதால் முன்சக்கரம் இரண்டுக்கும் அப்பா கல் கொடுத்திருந்தார். சரிவின் கீழே கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

அந்தக் கார் பெங்களூரில் ஏலம் போய்விட்டது. போட்டோவைப் பார்த்தே எடுத்தார்களாம். முதலாளி அப்பாவுக்குப் போன் போட்டார். "ஒரு கீறல் விழுந்தாலும் வேணாம்னுடுவாங்க. அப்புறம் நீ அங்க இருக்க வேண்டாம்." அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஏற்றிப் போக ஒரு காலையில் லாரி வந்தது. டிரைவர் கன்னடக்காரர். காருக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் அண்ணா, இது காரா, தொட்டியா? மழ வந்தா மீன் வளக்கலாம்."

அப்பா சிரிக்கவில்லை. "பாத்து ஏத்துங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

இருவரும் லாரியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையில் நாலு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

"எலுமிச்ச நசுக்காம வண்டி வாசல் தாண்டக் கூடாது. நாலு சக்கரத்துக்கும் வெச்சுட்டு வா புள்ள."

தம்பி கூடவே வந்தான். கதவில் ஏறி உள்ளே குதித்தான். ஸ்டியரிங்கைப் பிடித்து "டுர்ர்" என்றான். நான் பின்சக்கரங்களுக்குப் பழம் வைத்தேன். முன்பக்கம் பழம் வைக்க வேண்டிய இடத்தில் கல் இருந்தது. ஒன்றைக் காலால் தள்ளினேன், வந்துவிட்டது. இன்னொன்று இறுகியிருந்தது. பக்கத்தில் கிடந்த சுத்தியலால் தட்டினேன்.

பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. சரியாகத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு தம்பியின் தலை என்னைத் தாண்டிப் போனது.

சுத்தியலைப் பிடித்தபடியே நின்றேன். கார் கிணற்றைப் பார்த்துப் போனது. தம்பி இன்னும் டுர்ர் என்றுகொண்டிருந்தான்.

"ஐயோ, வண்டி! வண்டி!"

அப்பாவின் குரல். பலகையோடு ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டார். கார் அதில் ஏறி நின்றது. கிணற்றுக்கு ஓர் ஆள் நீளம்தான் பாக்கி.

அம்மா பாய்ந்து தம்பியைத் தூக்கினாள். "இன்னொரு வாட்டிம்மா" என்றான் அவன்.

அப்பா மண்டியிட்டுக் காரின் முன்பக்கத்தை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர்.

"ஒரு கீறல் இல்ல" என்றார் அம்மாவிடம். "பாரு, ஒரு கீறல் இல்ல."

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

லாரி போனது. அடி விழும் என்று மாமரத்துக்குப் பின்னால் காத்திருந்தேன். விழவில்லை. அம்மா என்னை ஒன்றும் கேட்கவே இல்லை. ஆனால் அப்பாவோடு பல நாள் பேசவில்லை. தட்டில் சோறு வைப்பாள், நகர்ந்துவிடுவாள்.

கல்லை எடுத்தது நான். காரையும் தம்பியையும் நிறுத்தியது அப்பா. என்னை விட்டுவிட்டு அவர்மேல் என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. நமக்கு அடி இல்லை, அது போதும் என்று இருந்துவிட்டேன்.